கடற்கரைச் சாலைப் போர் நினைவுத் தோட்டம் யாருடையது, ஏன் பூட்டியே இருக்கிறது?

கேள்வி: மஞ்சக்குப்பத்தான்

எல்லோருக்கும் வணக்கம். நான் கடலூர். புதுச்சேரிக்கு வரும்போதெல்லாம் காந்தி சிலைக்குச் சற்றுத் தள்ளி கூபேர் சாலையில் இருக்கும் பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னத்தின் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகிறேன். தலை குனிந்த சிப்பாய் சிலை, உயரமான தூண்கள், வெட்டிவிட்ட புல்தரை, பூச்செடிகள். கதவு மட்டும் எப்போதும் பூட்டு.

எனக்கு இது வேடிக்கை பார்க்கும் இடம் இல்லை. என் ஆயாவின் அப்பா புதுச்சேரிப் பகுதியில் பாகூர்ப் பக்கம் பிறந்தவர். "பிரான்சு சண்டைக்குப் போனவர் திரும்பவில்லை" என்று ஆயா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆயாவைக் கடலூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள், பாகூர்ச் சொந்தம் மெல்ல அறுந்துவிட்டது. ஆயா இப்போது இல்லை. போன வாரம் அந்த வேலி அருகில் என் மகள் "இது யாருக்குக் கட்டியது?" என்று கேட்டாள். அவளுக்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும்.

இதைக் கட்டியது யார், எந்த ஆண்டு? 1954க்குப் பிறகு இது இந்திய அரசுடையதா, புதுச்சேரி அரசுடையதா? ஏன் பூட்டியிருக்கிறது? அந்தப் போரில் இறந்த ஒருவரை இன்று தேடிக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

பதில் 1: ஒதியஞ்சாலைக்காரன்

கட்டியது 1937இல், திறந்தது 1938இல். பிரெஞ்சுத் தூதரகத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாளன்று விளக்கு அலங்காரம் செய்து, மலர்வளையம் வைப்பார்கள். மற்றபடி திறப்பதில்லை. நம் கடற்கரையில், நம் கண்முன்னால் இருக்கும் ஒரு தோட்டத்துக்குள் நாம் போக முடியவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். பாரதி பூங்காவைப் போல இதையும் தினமும் திறந்துவிட வேண்டும்.

பதில் 2: முத்தியால்பேட்டை ஆசிரியை

மஞ்சக்குப்பத்துத் தம்பிக்கு வணக்கம். நான் பிரெஞ்சு மொழி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் அப்பா சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, கடலூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் படையில் இருந்து பென்சன் வாங்கியவர்களை இங்கே அப்படித்தான் அழைப்போம். அப்பா இந்தோசீனாவில் இருந்தார், பிறகு அல்ஜீரியாவில் இருந்தார். அதனால் அந்தத் தோட்டத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பேசத் தோன்றும். பொறுத்துப் படியுங்கள்.

1914 முதல் 1918 வரை நடந்த போரில் இறந்த பிரெஞ்சிந்தியப் படைவீரர்களுக்காக எழுப்பப்பட்டது அந்தச் சின்னம். 1938 ஏப்ரல் 3 அன்று அப்போதைய ஆளுநர் க்ரோசிக்கியா திறந்து வைத்தார். அந்த ஆண்டைக் கவனியுங்கள். பிரான்சில் கிராமத்துக்குக் கிராமம் இப்படி ஒரு சின்னம் உண்டு, அவற்றில் பெரும்பாலானவை போர் முடிந்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள் எழுந்துவிட்டன. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது இருபது ஆண்டு கழித்துத்தான் வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்களில் எத்தனை பேர் அதைப் பார்க்க உயிரோடு இருந்திருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு மனம் பொறுப்பதில்லை. திறந்த அடுத்த ஆண்டே இன்னொரு உலகப் போர் தொடங்கிவிட்டது. 1940 செப்டம்பரில் ஆளுநர் போன்வேன் புதுச்சேரியை, ஜெர்மனியிடம் பணிய மறுத்த பிரெஞ்சுத் தளபதி தெ கோல் பக்கம் சேர்த்தார். அதற்குப் பிறகும் இங்கிருந்து ஆட்கள் கப்பலேறினார்கள்.

யாருடையது என்று கேட்டீர்கள். பலருக்குத் தெரியாத பதில் இது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. அதற்கு முன் அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். ஆனால் சட்டப்படியான ஒப்படைப்புக்குத் தனி உடன்படிக்கை வேண்டியிருந்தது. 1956 மே 28 அன்று புது டெல்லியில் நேருவும் பிரெஞ்சுத் தூதர் ஒஸ்த்ரோரோகும் அதில் கையெழுத்திட்டார்கள். பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தர 1962 வரை இழுத்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 16 முதல்தான் அது நடைமுறைக்கு வந்தது.

அந்த உடன்படிக்கையில், பிரான்சின் உடைமையாகவே தொடரும் இடங்கள் என்று ஒரு சிறு பட்டியல் இருக்கிறது. மரேன் வீதியில் தூதரகத்துக்கான இடம், பிரெஞ்சுக் கல்லூரி இருந்த இடம், தூதரகக் கிளைக்காகக் காரைக்காலில் ஒரு மனை, இவற்றோடு இந்தப் போர் நினைவுச்சின்னம். ஆளுநர் மாளிகை போயிற்று, நீதிமன்றங்கள் போயின, துறைமுகம் போயிற்று. இருநூறு ஆண்டுக்கு மேல் ஆண்ட ஊரை விட்டுப் போகும்போது இறந்தவர்களின் சின்னத்தை எங்களிடமே விடுங்கள் என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். நம் அரசும் மறுக்காமல் கொடுத்திருக்கிறது. இரண்டு தரப்பையும் இந்த ஒரு விஷயத்தில் நான் மதிக்கிறேன். ஆகவே தம்பி, அந்தப் பூட்டு நகராட்சியின் அலட்சியம் இல்லை, சுற்றுலாத் துறையின் பூட்டும் இல்லை. உள்ளே இருப்பது இன்னொரு நாட்டு அரசின் இடம்.

உள்ளே யாரும் போவதே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஜூலை 14 மட்டுமல்ல, முதல் உலகப் போர் நின்ற நாளான நவம்பர் 11 அன்றும் மலர்வளையம் வைப்பார்கள். ஜூலை 14 காலையில் வந்து பாருங்கள். நரைத்த தலையோடு சொல்தாக்கள் பதக்கங்களை மார்பில் குத்திக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். தூதரும் நம் அரசு அதிகாரிகளும் மலர்வளையம் வைப்பார்கள். இரண்டு நாட்டுப் பண்ணும் ஒலிக்கும். அப்பா முந்தின நாளே பதக்கங்களை எலுமிச்சையும் சாம்பலும் போட்டுத் துலக்கி, துண்டில் வரிசையாகப் பரப்பி வைப்பார். பிள்ளைகள் தொட்டால் கோபம் வரும். விருந்து, உடுப்பு, பாட்டு என்று அந்த நாளைக் கொண்டாடிவிட்டு வருகிறவர் இல்லை அவர். வீட்டுக்கு வந்ததும், தன்னோடு இருந்து திரும்பாதவர்களின் பெயர்களை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருப்பார். எல்லாம் நம் ஊர்ப் பெயர்கள். கோவிந்தசாமி, அந்தோணி, ராசு.

இதைத்தான் உங்கள் மகளிடம் சொல்லச் சொல்வேன். வெள்ளைக்காரர்களுக்காகக் கட்டிய சிலை என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டு கடந்து போகிறார்கள். பாகூரிலும் வில்லியனூரிலும் உழவர்கரையிலும் காரைக்காலிலும் பிறந்து தமிழ் பேசிய பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் அது நிற்கிறது.

ஒதியஞ்சாலைத் தம்பியின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் தினமும் திறந்துவிட்டால் அது கடற்கரையில் இன்னொரு பூங்கா ஆகிவிடும். தின்பண்டத் தாளும் படம் எடுக்கும் கூட்டமும் அங்கே வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரத்தில், ஒரு காவலாளியோடு திறக்கலாம். பள்ளிப் பிள்ளைகளை நவம்பர் 11 அன்று உள்ளே அழைத்துப் போகலாம். பிரான்சில் பிள்ளைகளை அப்படித்தான் அழைத்துப் போகிறார்கள், நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் கூடாது?

பதில் 3: மில் தொழிலாளி மகன்

அம்மா எழுதியதை மரியாதையோடு படித்தேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தச் சின்னம் கட்டியது 1937. அதற்கு முந்தைய ஆண்டு, 1936 ஜூலை 30 அன்று, இதே பிரெஞ்சு அரசின் படை புதுச்சேரியின் சவானா பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது சுட்டது. 12 பேர் செத்தார்கள். எட்டு மணி நேர வேலை கேட்டதுதான் குற்றம். ஒரு பக்கம் தொழிலாளியைச் சுட்டுவிட்டு, மறு பக்கம் தன் போரில் செத்தவனுக்குத் தூண் நிறுத்தினார்கள். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா அவர்களும் தொழிலாளர்களும் விடாமல் போராடியதால்தான் 1937 ஏப்ரலில் எட்டு மணி நேரச் சட்டம் வந்தது. என் அப்பா அந்தச் சட்டத்தின் நிழலில் மில்லில் வேலை பார்த்தவர். ஆள்பவன் போட்ட சண்டையில் கூலிக்குப் போய்ச் செத்தவர்களுக்கு நான் ஏன் தலை குனிய வேண்டும்? எனக்கு ஜூலை 30 போதும், ஒப்படைப்பு நாளான ஆகஸ்ட் 16 அன்று கீழூரில் நடக்கும் விழா போதும்.

பதில் 4: முத்தியால்பேட்டை ஆசிரியை

ஐயா, ஜூலை 30ஐ நான் மறக்கவில்லை. முத்தியால்பேட்டையில் வளர்ந்தவளுக்கு மில் சங்கொலி தெரியும், அந்த 12 பேரும் தெரியும். நீங்கள் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க மாட்டேன். அந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஆனால் போனவர்கள் யார் என்று பாருங்கள். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி இங்கே ஒருவர் தன் சாதி வழக்கத்துச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வரலாம் என்றானது. குடும்பத்துக்கு நிலையான ஒரு பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும், தலைமுறை தலைமுறையாக அது தொடரும். ரெனோன்சான்கள் என்று நம் ஊரில் அவர்களைச் சொல்வோம். அதற்கு வழி திறந்தவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. 1873இல் காலணி அணிந்து நீதிமன்றம் வந்ததற்காகத் தடுக்கப்பட்டு, பாரீஸ் வரை வழக்கைக் கொண்டுபோய் வென்றவர். அவர் வெள்ளாளர், வசதியானவர். அவருக்குப் பின்னால் அந்த வழியில் வந்தவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியாரும் கிறிஸ்தவரும் ஏராளம். ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாத ஊரில் பிறந்தவனுக்கு, படையில் வரிசையில் நின்றால் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், சம்பளமும் தருவார்கள் என்றால் அவன் போகத்தானே செய்வான்? கூலிக்காகப் போனார்கள் என்பது உண்மை. மில்லுக்குப் போனவர்களும் கூலிக்காகத்தான் போனார்கள். ஒரே தெருவிலிருந்து அண்ணன் மில்லுக்கும் தம்பி கப்பலுக்கும் போன வீடுகள் எனக்குத் தெரியும்.

ஆண்டவர்களுக்காக நீங்கள் தலை குனிய வேண்டாம், நானும் குனிவதில்லை. அந்தப் பிள்ளைகள் நம்முடையவர்கள் என்று ஒப்புக்கொண்டால் போதும் என்றுதான் கேட்கிறேன்.

கடலூர்த் தம்பிக்காக இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாகூரும் கடலூரும் கூப்பிடு தூரம். ஆனால் அந்தப் போரின்போது பாகூர் பிரெஞ்சு மண், கடலூர் பிரிட்டிஷ் மண். பிரிட்டிஷ் பக்கத்தில் போனவர்கள் நிலை என்ன? தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் பள்ளிச் சுவரிலோ சாவடியிலோ ஒரு சிறு கல் பதித்திருப்பார்கள். இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்குப் போனார்கள், இவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். எண்ணிக்கை மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், இறந்தவர்களுக்காக பஸ்ராவில் எழுப்பிய சின்னத்திலும் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் உண்டு, இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர், சாதாரணச் சிப்பாய்களுக்கு எண்ணிக்கை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் அமைத்த குழுவே 2021 அறிக்கையில் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டது. ஆப்பிரிக்கரும் இந்தியரும் உட்பட 45,000 முதல் 54,000 பேர் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று அது கணக்கிட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் நல்லவர்கள், ஆங்கிலேயர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை ஐயா. 1936ஐப் பார்த்த ஊரில் அப்படிச் சொன்னால் நாக்கு கூசும். ஆனால் "நாட்டுக்காக இறந்தவர்" என்று அவர்கள் பதிந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு அட்டை எழுதி வைத்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அந்த அட்டை பெரிய உதவி.

பதில் 5: மஞ்சக்குப்பத்தான்

அம்மா, ஐயா, இருவருக்கும் நன்றி. மகளுக்கு இரண்டு பேர் எழுதியதையும் படித்துக் காட்டினேன். 1936 பற்றி அவள் நிறையக் கேள்வி கேட்டாள்.

அந்த அட்டையை எங்கே பார்ப்பது? எங்கள் வீட்டில் இருப்பது ஆயாவின் பழைய டிரங்குப் பெட்டியில் கிடைத்த ஒரு பிரெஞ்சுக் காகிதம் மட்டும்தான். மடிப்பில் கிழிந்திருக்கிறது. முத்திரை தெரிகிறது, கையெழுத்துப் புரியவில்லை. அவர் பெயரை ஆயா முத்துசாமி என்றுதான் சொல்வார். இணையத்தில் முத்துசாமி என்று ஆங்கில எழுத்தில் தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் சண்டையில் சாகவில்லை, கப்பலில் காய்ச்சலில் செத்தார் என்று பாகூரில் யாரோ சொன்னதாகவும் ஆயா சொல்வார். அப்படியானால் அவர் கணக்கில் வர மாட்டாரா?

பதில் 6: முத்தியால்பேட்டை ஆசிரியை

காய்ச்சலில் இறந்திருந்தாலும் அவர் கணக்கில் வரலாம் தம்பி, மனம் தளராதீர்கள். பணியில் இருந்தபோது நோய்வாய்ப்பட்டு இறந்தவர்களுக்கும் அந்த அட்டை உண்டு. எப்படி இறந்தார் என்ற வரியில் நோய் என்று எழுதியிருப்பார்கள்.

பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் "மெமுவார் தெஸ் ஓம்" என்ற இணையதளத்துக்குப் போங்கள். கட்டணம் இல்லை. முதல் உலகப் போரில் நாட்டுக்காக இறந்தவர்கள் என்ற பகுதியில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பெயர், பதவி, படைப்பிரிவு, படை எண், இறந்த நாள், இறந்த இடம், பிறந்த நாள், பிறந்த ஊர் என்று இருக்கும்.

பெயரில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். ஆங்கில முறைப்படி தேடினால் கிடைக்காது. பிரெஞ்சுக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். நம் "உ" ஓசைக்கு அவர்கள் "ஓ"வும் "யு"வுமாக இரண்டு எழுத்து போடுவார்கள். முத்துவுக்கு எம், ஓ, யு, பிறகு இரண்டு டி, மறுபடி ஓ, யு. சாமியின் கடைசி எழுத்து ஒய். ஒரே சொல்லாகவும் தேடுங்கள், முத்து தனி, சாமி தனி என்றும் தேடுங்கள். அவர் ரெனோன்சான் என்றால் குடும்பப் பெயர் வேறாக இருக்கும், முத்துசாமி முன்பெயராக மட்டும் வரும். ஊர்ப்பெயரும் அப்படித்தான்: உழவர்கரை "உல்காரே" என்று இருக்கும், வில்லியனூர் "வில்லெனூர்" என்று இருக்கும். உங்கள் நல்ல காலம், பாகூர் ஏறக்குறைய பாகூராகவே இருக்கும், நடுவில் எச் போடுவார்கள். பெயர் கிடைக்காவிட்டால், தேடும் பக்கத்தில் பிறந்த இடத்துக்கான கட்டத்தில் இந்தியாவைத் தேர்ந்து, வரும் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பொறுமை வேண்டும், ஆனால் செய்ய முடியாத வேலை இல்லை.

அடுத்தது பிறப்புப் பதிவு. பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் இருக்கும் கடல்கடந்த பகுதிகளின் தேசிய ஆவணக் காப்பகம், பிரெஞ்சிந்தியாவின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் படம் எடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. அவற்றில் தாய் தகப்பன் பெயரும் கிடைக்கலாம். ஆயாவின் பிறப்பு அங்கே பதிவாகியிருந்தால் அவர் அப்பாவின் முழுப் பெயர் அதிலேயே இருக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

அந்தக் காகிதத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். மடிப்பில் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். பசை தாளைத் தின்றுவிடும். லேமினேஷன் கடைக்கும் கொண்டு போகாதீர்கள். சமதளத்தில் விரித்து, பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். முகவரி, எண் போன்றவற்றை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், நான் படித்துச் சொல்கிறேன். முத்திரைக்குக் கீழே "மோர் பூர் லா" என்று தொடங்கும் வரி, அதாவது நாட்டுக்காக இறந்தவர் என்று பொருள்படும் வரி, இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தேடல் பாதி முடிந்த மாதிரி.

பதில் 7: மில் தொழிலாளி மகன்

கடலூர்த் தம்பி, பாகூரில் என் மாமனார் வீடு இருக்கிறது. அங்கே எண்பது தாண்டிய பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் நல்ல நினைவோடு இருக்கிறார்கள். எந்தத் தெரு, எந்த வகையறா என்று ஆயா ஏதாவது சொல்லியிருந்தால் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகும்போது விசாரிக்கிறேன்.